ஆய்வுக்கு நூலகத்தில் தேடும் முறை: மதிய உணவுத் திட்டத்தை முன்வைத்து ஒரு வழிகாட்டி

பட்ட ஆய்வுக்குத் தலைப்பைப் பதிவு செய்த கையோடு நூலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே காரியத்தைச் செய்வதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். நூற்பட்டியல் கணினியின் முன் அமர்ந்து, பல்கலைக்கழகத்தில் பதிவு செய்த தலைப்பை அப்படியே தேடுபெட்டியில் தட்டச்சு செய்வார்கள். 'தமிழகப் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தின் வளர்ச்சி: ஓர் ஆய்வு' என்பது தலைப்பு என்றால் அத்தனை சொற்களும் பெட்டிக்குள் போகும். விடையாக ஒன்றும் வராது. பிறகு மேசைக்கு வந்து, "இந்தத் தலைப்பில் இங்கே புத்தகமே இல்லை சார்" என்பார்கள். அவர்களுக்கு வேண்டிய நூல்கள் இரண்டு அலமாரி தள்ளி வேறு வேறு பெயர்களோடு இருந்துகொண்டே இருக்கும்.

இதற்குக் காரணம் நூற்பட்டியல் எப்படி இயங்குகிறது என்பதில் இருக்கிறது. கூகுளைப் போல நூலின் உள்ளே இருக்கும் பக்கங்களை நூற்பட்டியல் படிப்பதில்லை. நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, நூலகர் சூட்டிய பொருள் தலைப்பு, வகைப்பாட்டு எண் என்று சில வரிகளே அதில் பதிவாகியிருக்கும். நீங்கள் கொடுக்கும் எழுத்துகள் அந்தச் சில வரிகளில் இருக்கின்றனவா என்பதை மட்டும் அது ஒப்பிட்டுப் பார்க்கும். ஆகவே உங்கள் கேள்வியை, அந்த நூலை எழுதியவரும் அதைப் பட்டியலில் சேர்த்த நூலகரும் அவரவர் காலத்தில் எந்தச் சொற்களால் குறித்திருப்பார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் தேடலில் பாதி வேலை. இக்கட்டுரை மதிய உணவுத் திட்டத்தின் வரலாற்றை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு அந்த வேலையைப் படிப்படியாகச் சொல்கிறது. உங்கள் பொருள் வேறாக இருந்தாலும் செய்முறை இதுவேதான்.

கணினியைத் தொடுவதற்கு முன் ஒரு தாள்

முதலில் ஒரு தாளை எடுத்து, உங்கள் தலைப்பிலிருந்து 'வளர்ச்சி', 'ஓர் ஆய்வு', 'பங்கு', 'தாக்கம்' போன்ற சொற்களை அடித்துவிடுங்கள். எந்த நூலையும் அவை அடையாளம் காட்டுவதில்லை. எஞ்சுவதை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: எதைப் பற்றி, எந்த இடத்தில், எந்தக் காலத்தில். நம் எடுத்துக்காட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிப்பது, தமிழ்நாடு, 1920 முதல் இன்றுவரை என்று மூன்று பகுதிகள் வரும்.

இப்போது ஒவ்வொரு பகுதிக்கும் வேறு பெயர்களைத் தேட வேண்டும். இந்தப் படியில் ஒரு முழு நாள் செலவானாலும் வீணில்லை. ஏனென்றால் நாம் ஒரே திட்டம் என்று நினைப்பது காலத்துக்குக் காலம் பெயர் மாறி வந்திருக்கிறது. 1920-இல் பி. தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த தன் பள்ளியின் பிள்ளைகளுக்கு உணவளிக்க முடிவு செய்தபோது 'மதிய உணவு' என்ற இன்றைய தொடர் ஆவணங்களில் நிலைபெற்றிருக்கவில்லை. ஆங்கில ஆவணங்களில் 'டிஃபின்' என்றும் காலைச் சிற்றுண்டியைக் குறிக்கும் சொல்லாலும் தேடிப் பார்க்க வேண்டும். காமராசர் காலத்துத் திட்டம் 'மதிய உணவு', 'பகல் உணவு', 'இலவச உணவு' என்று பலவாறாக எழுதப்பட்டது. 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கியது 'சத்துணவு'. 2022-இல் வந்தது 'காலை உணவு'. 'மதிய உணவு' என்று மட்டும் தேடுகிறவருக்கு 1982-க்குப் பிந்திய நூல்களில் பெரும்பகுதி கண்ணில் படாது.

ஆங்கிலத்திலும் இதே கதைதான். மைய அரசு 'மிட் டே மீல்' என்று எழுதும். தமிழக அரசு பல காலம் 'நூன் மீல்' என்றும் 'நியூட்ரிஷியஸ் மீல்' என்றும் எழுதியது. வெளிநாட்டு ஆய்வாளர்கள் 'ஸ்கூல் ஃபீடிங்' என்றோ 'ஸ்கூல் லஞ்ச்' என்றோ எழுதுவார்கள். 2021-க்குப் பிறகு மைய அரசின் திட்டத்துக்கே 'பி.எம். போஷண்' என்று பெயர் மாறிவிட்டது. இவை அத்தனையும் உங்கள் தாளில் இடம்பெற வேண்டும்.

இடப்பெயரை மறந்துவிடாதீர்கள். 1969 ஜனவரி 14 வரை நம் மாநிலத்தின் அதிகாரப்பூர்வமான பெயர் சென்னை மாநிலம். விடுதலைக்கு முன் சென்னை மாகாணம். ஆங்கிலத்தில் இரண்டுமே 'மெட்ராஸ்'. 'தமிழ்நாடு' என்று மட்டும் தேடினால் காமராசர் ஆட்சியின் அரசு அறிக்கைகளே பட்டியலில் ஒளிந்துகொள்ளும்.

தமிழில் தேடும்போது மட்டும் வரும் சிக்கல்கள்

ஆங்கில வழிகாட்டிகள் சொல்லாத சில தொல்லைகள் தமிழ்த் தேடலில் உண்டு. 'உணவு' என்ற சொல் 'திட்டம்' என்பதோடு சேர்ந்தால் 'உணவுத் திட்டம்' ஆகிறது. நமக்கு அது அதே சொல்தான். கணினிக்கு 'உணவு' வேறு, 'உணவுத்' வேறு. 'திட்டம்' என்பது 'திட்டத்தின்' ஆகும்போது இறுதி 'ம்' மறைந்தே போகிறது. இதற்கு ஒரு வழி, சொல்லின் மாறாத பகுதியை மட்டும் கொடுத்து அதன் இறுதியில் நட்சத்திரக் குறியை இடுவது. 'உணவு*' என்று கொடுத்தால் உணவுத், உணவும், உணவுக்கு என எல்லாம் வரும். 'திட்டம்*' என்று கொடுத்தால் 'திட்டத்தின்' வராது. 'திட்ட*' என்று 'ம்' வருவதற்கு முன்பே வெட்ட வேண்டும். கோஹா போன்ற நூலக மென்பொருள்களில் இந்தக் குறி வேலை செய்யும். சில இடங்களில் வேலை செய்யாது. தெரிந்த ஒரு நூலின் பெயரை வைத்து முதலில் சோதித்துப் பாருங்கள்.

அடுத்தது கிரந்த எழுத்து. காமராஜர், காமராசர், காமராஜ், காமராச் என்று நான்கு விதமாகவும் நூல்கள் உண்டு. மஹால், மகால், சரஸ்வதி, சரசுவதி, ராமசாமி, இராமசாமி, ராமஸ்வாமி. பதிப்பித்தவரின் மொழிக்கொள்கை என்னவோ அதுவே நூலின் பெயர். அதைப் பார்த்து அப்படியே பதிவு செய்திருப்பார் நூலகர். அவரைக் குறை சொல்ல முடியாது, நாம்தான் எல்லா வடிவங்களையும் கொடுக்க வேண்டும். ஆசிரியர் பெயரில் தேடும்போது முன்னெழுத்துகளை விட்டுவிடுங்கள். 'நெ. து. சுந்தரவடிவேலு' என்பது ஒரு பட்டியலில் 'சுந்தரவடிவேலு, நெ. து.' என்றும் மற்றொன்றில் இடைவெளியே இல்லாமல் 'நெ.து.சுந்தரவடிவேலு' என்றும் இருக்கும். 'சுந்தரவடிவேலு*' என்று மட்டும் கொடுத்தால் முதல் வடிவமாவது தவறாமல் அகப்படும்.

எழுத்துருவும் காலை வாரும். ஒருங்குறி (யூனிகோட்) பரவுவதற்கு முன் தட்டச்சான கோப்புகள் பாமினி, டாப், டிஸ்கி போன்ற குறியாக்கங்களில் இருக்கின்றன. திரையில் தமிழாகத் தெரியும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் பொருளற்ற எழுத்துக் குவியலாக வந்து விழும். அத்தகைய கோப்பினுள் 'சத்துணவு' என்று தேடினால் ஒருநாளும் கிடைக்காது. அதைக் கண்ணால்தான் புரட்டிப் படிக்க வேண்டும். அலகிடப்பட்ட (ஸ்கேன் செய்யப்பட்ட) பழைய நூல்களிலும் இதே எச்சரிக்கை தேவை: 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வருவதற்கு முன் அச்சான நூல்களின் பழைய 'லை', 'னை', 'றா' வடிவங்களை எழுத்துணரி மென்பொருள் அடிக்கடி தவறாகப் படிக்கிறது. பழைய நூலில் 'இல்லை' என்று தேடி இல்லை என்று வந்தால் அதை நம்பாதீர்கள்.

பழைய இதழ்களில் ஆண்டுக்குறிப்பும் ஒரு பொறி. 'ரௌத்திரி வருஷம் ஆவணி மாதம்' என்று அட்டையில் இருந்தால் அது 1920 ஆகவும் இருக்கலாம், அறுபது ஆண்டு முன்னதாக 1860 ஆகவும் இருக்கலாம், 1980 ஆகவும் இருக்கலாம். அச்சகத்தின் பெயரையும் தாளையும் விலையையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டியிருக்கும். அணாவில் விலை போட்டிருந்தால் 1980 அடிபட்டுப் போகும்.

வெளிநாட்டுப் பட்டியல்களில் தமிழ் நூல்

தமிழ் நூலைத் தேட அமெரிக்க நூலகத்தின் பட்டியலை ஏன் பார்க்க வேண்டும் என்று பலர் கேட்பதுண்டு. 1962 முதல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், உபரி தானியத்தை விற்க வழிசெய்த பி.எல்.480 என்ற சட்டத்தின் வழியே இந்தியாவில் சேர்ந்திருந்த ரூபாயைக் கொண்டு இந்திய மொழி நூல்களை வாங்கி அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பிவந்தது. அதனால் இங்கே எந்தப் பட்டியலிலும் இல்லாத சிறு வெளியீடுகள்கூட சிகாகோவிலோ வாஷிங்டனிலோ பதிவாகியிருக்கின்றன. (அதே சட்டத்தின் கீழ் வந்த அமெரிக்க உபரி உணவுப் பொருள்களே 'கேர்' என்ற அமெரிக்கத் தொண்டு அமைப்பின் வழியாக நம் பள்ளிகளின் மதிய உணவுக்கும் வந்தன என்பதால், 'பி.எல்.480' என்பது இந்த ஆய்வுக்கே ஒரு தேடுசொல்.) நூலை அங்கிருந்து வரவழைக்க முடியாமல் போகலாம். ஆனால் அப்படியொரு நூல் உண்டு, அதன் ஆண்டு இது, பதிப்பகம் இது என்று தெரிந்துவிட்டால் அதை இங்கே தேடுவது எளிதாகிவிடும்.

வேர்ல்ட்கேட் என்னும் உலகக் கூட்டுப் பட்டியலிலும் அமெரிக்க நூலகங்களிலும் தமிழ் நூற்பெயர்கள் பெரும்பாலும் ரோமன் எழுத்தில் இருக்கின்றன. அதுவும் நாம் கைப்பேசியில் தட்டச்சு செய்யும் தங்கிலீஷில் இல்லை. அங்கே ஒரு தமிழெழுத்துக்கு எப்போதும் ஒரே ரோமன் எழுத்துதான். ஒலி எப்படி மாறினாலும் எழுத்து மாறாது. க என்றால் எப்போதும் 'கே', ஜி கிடையாது. ச என்றால் 'சி', எஸ் கிடையாது. த, ட இரண்டும் 'டி' (T). புள்ளி மட்டுமே வேறுபாடு. ப என்றால் எப்போதும் P, B கிடையாது. ழ என்பதற்கு நாம் எழுதும் இசட்-எச் அங்கே செல்லாது. அடியில் கோடிட்ட 'எல்' எழுத்துதான்.

ஆகவே 'சத்துணவு' என்பதை எஸ்-ஏ-டி-எச்-யு என்று தொடங்கித் தேடினால் வராது. சி-ஏ-டி-டி-யு-என்-ஏ-வி-யு என்று கொடுக்க வேண்டும். 'கழகம்' என்பது கே-ஏ-எல்-ஏ-கே-ஏ-எம். 'சங்கம்' என்பது சி-ஏ-என்-கே-ஏ-எம். மேற்கோடும் அடிப்புள்ளியும் தட்டச்சு செய்யத் தேவையில்லை. வெறும் எழுத்துகளே போதும். முதல் நாள் இது கோமாளித்தனமாகத் தோன்றும். ஒரு வாரத்தில் கை பழகிவிடும். அதன்பின் உலகின் எந்த நூலகத்திலும் தமிழ் நூலைத் தேடலாம் என்பதால், புதியவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான்.

சொற்களைக் கோப்பது

தாளில் எழுதிய சொற்களை இனி இணைக்க வேண்டும். ஒரே பொருளைக் குறிக்கும் மாற்றுச் சொற்களை ஆங்கிலத்தின் 'ஆர்' (OR) கொண்டும், வேறு வேறு பகுதிகளை 'அண்ட்' (AND) கொண்டும் இணைப்பது வழக்கம். ("மதிய உணவு" ஆர் "பகல் உணவு" ஆர் சத்துணவு*) அண்ட் (தமிழ்நாடு ஆர் சென்னை ஆர் மதராஸ்) என்பது ஒரு நல்ல தொடக்கம். பட்டியலில் தேடும்போது ஆர், அண்ட் இரண்டையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். மேற்கோள் குறி இட்டால் அந்தத் தொடர் அப்படியே இருக்க வேண்டும் என்று பொருள். அடைப்புக்குறியை மறந்தால் விடைகள் தாறுமாறாக வரும். விலக்குவதற்கான 'நாட்' (NOT) என்பதைப் புதியவர்கள் தொடாமலிருப்பது நல்லது. கேரளம் வேண்டாம் என்று விலக்கினால் கேரளத்தையும் தமிழகத்தையும் ஒப்பிட்டு எழுதிய நல்ல நூலும் சேர்ந்து போய்விடும்.

நூறு, இருநூறு விடைகள் வந்தால் அஞ்ச வேண்டாம். ஆண்டைக் கொண்டோ மொழியைக் கொண்டோ குறைக்கலாம். விடையே வராதபோது சொற்களைக் கூட்டாமல் குறைக்க வேண்டும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

ஒரு நல்ல நூல் கிடைத்தவுடன்

பொருத்தமான ஒரு நூல் அகப்பட்டதும் அதன் முழுப் பதிவைத் திறந்து, பொருள் தலைப்பு என்ற வரியைப் பாருங்கள். மதிய உணவு பற்றிய ஆங்கில நூல்களுக்கு அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறையில் வழங்கும் தலைப்பு, தமிழில் சொன்னால், 'பள்ளிக் குழந்தைகள் – உணவு – இந்தியா – தமிழ்நாடு' என்று அமையும். மதியம் என்ற சொல்லே அதில் இல்லை! நூலின் பெயர் கவித்துவமாக எதுவாக இருந்தாலும், உள்ளடக்கம் இதுவாக இருந்தால் நூலகர் இந்தத் தலைப்பைத்தான் சூட்டியிருப்பார். அந்த வரியைச் சொடுக்கினால் அதே தலைப்பிலுள்ள மற்ற நூல்கள் வரிசையாக வந்து நிற்கும். சொல்லைத் தேடுவதிலிருந்து பொருளைத் தேடுவதற்கு நீங்கள் மாறும் இடம் இது.

வகைப்பாட்டு எண்ணையும் குறித்துக்கொண்டு அலமாரிக்கு நேரில் செல்லுங்கள். டியூயி பகுப்பைப் பின்பற்றும் நூலகத்தில் பள்ளி உணவு 371.716 என்ற எண்ணில் கல்வி நூல்களின் நடுவே இருக்கும். ஆனால் அதே பொருளை ஊட்டச்சத்தாகப் பார்த்த நூல் 613.2-இல் மருத்துவத்தின் பக்கத்தில் இருக்கும். உணவு வழங்கலாகப் பார்த்தது 363.8-இல்; தமிழக வரலாறாகப் பார்த்தது 954.82-இல். ஒரே சோற்றைப் பற்றிய நூல்கள் நான்கு அறைகளில் கிடக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு இடத்திலும் இடமும் வலமும் ஒரு கை நீளத்துக்குக் கண்ணை ஓட்டிப் பாருங்கள். சில பழைய நூலகங்களில் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்பு வழக்கிலிருக்கக்கூடும். எண்ணுக்கு நடுவே எழுத்தும் முக்காற்புள்ளியும் வந்தால் திகைக்காமல் நூலகரிடம் கேளுங்கள்.

எந்தத் தேடுசொல்லுக்கும் அகப்படாத நூல்களும் உண்டு. காமராசர் காலத்தில் பொதுக்கல்வி இயக்குநராக இருந்து இந்தத் திட்டத்தை ஊர் ஊராகக் கொண்டுசென்ற நெ. து. சுந்தரவடிவேலு தன்வரலாறு எழுதியிருக்கிறார். திட்டம் தொடங்கிய காலத்தை உள்ளிருந்து பார்த்தவரின் எழுத்து அது. பட்டியலிலோ அது தன்வரலாறு. 'உணவு' என்ற சொல் பதிவின் எந்த வரியிலும் இருக்காது. இத்தகைய நூலுக்கு ஒரே வழி ஆளைத் தேடுவது. உங்கள் பொருளோடு தொடர்புடைய அமைச்சர், அதிகாரி, இயக்கத் தலைவர், இதழாசிரியர் ஆகியோரின் பெயர்ப்பட்டியல் ஒன்றை எழுதிக்கொண்டு, அவர்கள் எழுதியதும் அவர்களைப் பற்றி எழுதப்பட்டதும் என்ன என்று தனியே தேடுங்கள்.

அடுத்த வழி அடிக்குறிப்பு. ஒரு நல்ல ஆய்வு நூலின் துணைநூற்பட்டியலை எடுத்துப் படித்தால் முன்னவர் பல ஆண்டுகள் அலைந்து சேர்த்தது பத்துப் பக்கத்தில் கிடைக்கிறது. முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா தளம் இருக்கிறது; பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிகள் ஆய்வேடுகளை மின்வடிவில் அளிக்கச் சொன்னதன் பின் வளர்ந்தது அது. அங்கே பெரும்பாலும் ஒவ்வோர் இயலும் தனிக் கோப்பாக இருக்கும். முதலில் துணைநூற்பட்டியல் கோப்பை மட்டும் திறங்கள். ஆய்வேட்டை முழுதாகப் படிப்பதா வேண்டாமா என்பதை அதுவே சொல்லிவிடும். அங்கிருந்து மேற்கோளை எடுத்து, மூல நூலைப் பார்க்காமல் அப்படியே உங்கள் ஆய்வேட்டில் ஒட்டுவது மட்டும் கூடாது. பிழையும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். மதிய உணவுத் திட்டம் தொடங்கிய ஆண்டையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு நூல் 1955 என்னும், மற்றொன்று 1956 என்னும். திட்டத்தை அறிவித்ததையா, ஊரார் தம் செலவில் உணவிடத் தொடங்கியதையா, அரசு மானியம் கொடுக்கத் தொடங்கியதையா, எதை எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்து இது மாறலாம். இந்த இடத்தில் நூலை மூடிவிட்டு அரசாணையைத் தேடிப் போக வேண்டும்.

எதற்கு எங்கே போவது

தமிழகத்தில் அச்சு நூல்களுக்கு முதலில் போக வேண்டியது எழும்பூரில் 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா பொது நூலகம். 1954-ஆம் ஆண்டின் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் ஒரு படியும் இங்கே வந்து சேர வேண்டும். எல்லாப் பதிப்பாளரும் அனுப்பிவிடுவதில்லை என்றாலும், நாட்டில் இந்த உரிமை பெற்ற நூலகங்கள் நான்கே நான்கு. அண்மைக்கால ஆங்கில நூல்களுக்குக் கோட்டூர்புரத்தின் அண்ணா நூற்றாண்டு நூலகமும், தென்மாவட்டத்தார் என்றால் 2023-இல் திறக்கப்பட்ட மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகமும் வசதி.

பழைய தமிழ் நூல், இதழ், துண்டறிக்கை என்றால் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தனி மனிதராகச் சேர்த்த சேகரிப்பை அடித்தளமாகக் கொண்டது. பொது நூலகங்கள் தள்ளிவிட்ட நாடக நோட்டீசும் பாட்டுப் புத்தகமும் அங்கே இருக்கும். 1920 காலத்து நீதிக்கட்சியின் 'திராவிடன்' போன்ற நாளிதழ்களின் முழு வரிசை எங்கும் எளிதில் கிடைக்காது. அந்த இடைவெளியை ஓரளவு நிரப்ப, அக்கால ஆங்கில அரசு தன் பயன்பாட்டுக்காக வட்டார மொழி இதழ்களின் செய்திகளைச் சுருக்கி மொழிபெயர்த்து வைத்த வாராந்தர அறிக்கைகள் உதவும். அவை எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

ஆவணக் காப்பகத்தில் தேடுவது நூலகத்தில் தேடுவதிலிருந்து முற்றிலும் வேறுபட்டது. அங்கே பொருள் வாரியாக எதுவும் இல்லை. துறை, ஆண்டு, அரசாணை எண் ஆகிய மூன்றே வாசல்கள். ஆண்டுதோறும் துறைவாரியாக அச்சிட்ட அகரவரிசைச் சுட்டித் தொகுதிகளைப் புரட்டி எண்ணைக் கண்டுபிடித்துச் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். எந்தத் துறை என்று யோசிப்பதில்தான் புதியவர்கள் சறுக்குவார்கள். பள்ளிப் பிள்ளைகளின் உணவு என்பதால் கல்வித் துறையை மட்டும் பார்ப்பார்கள். 1920-இல் அதைச் செய்தது மாநகராட்சி என்பதால் உள்ளாட்சிக்குரிய துறையின் கோப்பையும் பார்க்க வேண்டும். யார் பணம் கொடுத்தார்கள் என்று கேளுங்கள், துறை தெரிந்துவிடும்.

வீட்டிலிருந்தே பார்க்கக்கூடியவையும் உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஆர்கைவ் (archive.org) தளம், இந்தியத் தேசிய மின்னூலகம் ஆகியவை அடிப்படை. சமூக நலத்துறை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு, சத்துணவு மையங்களின் எண்ணிக்கைக்கும் செலவுக்கும் நம்பகமான தரவு. சட்டமன்ற விவாதங்களைப் பலர் மறந்துவிடுகிறார்கள். திட்டத்தை எதிர்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பது அங்கேதான் இருக்கிறது. ஆங்கில ஆய்வுக் கட்டுரைகளுக்கு ஜேஸ்டோர் என்னும் ஆய்விதழ்த் தளத்தில் உள்ள 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' இதழின் பழைய தொகுதிகளிலிருந்து தொடங்கலாம். உங்கள் கல்லூரி, கல்லூரிகளுக்கு மின்னிதழ்களை வழங்கும் என்-லிஸ்ட் திட்டத்தின் வழியாகவோ வேறு வழியாகவோ எந்தெந்த இதழ்களுக்கு உரிமை பெற்றிருக்கிறது என்று கல்லூரி நூலகரிடம் கேட்டு, கடவுச்சொல்லை முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள்.

தேடல் குறிப்பேடு

ஒவ்வொரு நாளும் எந்த நூலகத்தில், எந்தப் பட்டியலில், எந்தச் சொற்களைக் கொடுத்துத் தேடினீர்கள், எத்தனை விடை வந்தது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். விடை வராத தேடலையும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அதே தேடலை மறுபடி செய்யாமலிருக்க அது உதவும். பெயர் மாற்றி எழுதப்பட்ட நூல் கிடைத்தபின் எதை எங்கே திரும்பத் தேட வேண்டும் என்பதையும் அதுவே காட்டும். கணினி பழக்கமுள்ளவர்கள் நூல் விவரங்களைச் சேர்த்துவைக்க, இலவசமாகக் கிடைக்கும் ஸோட்டெரோ மென்பொருளைப் பயன்படுத்தலாம். தமிழ் நூல்களின் விவரம் அதில் தானாக நிரம்பும்போது ஆசிரியரின் முன்னெழுத்தும் பெயரும் இடம் மாறிவிடுவதுண்டு, ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள்.

நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நூலகத்தில் பழைய கல்வி மாத இதழ் ஒன்றின் பைண்டு செய்த தொகுதியிலிருந்து நான்கு பக்கம் கையால் எழுதிக்கொண்டு வந்தேன். இதழின் பெயரும் ஆண்டும் குறித்தேன். மாதத்தையும் பக்க எண்ணையும் குறிக்கவில்லை, நூலின் முதுகிலிருந்த எண்ணையும் குறிக்கவில்லை. ஆய்வேட்டைத் தட்டச்சுக்குக் கொடுக்கும் வாரத்தில் திரும்பப் போனால், நூலகத்தில் அலமாரிகளை மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எண் இருந்தால் எடுத்துத் தரலாம் என்றார் உதவியாளர். எண் என்னிடம் இல்லை. அந்த நான்கு பக்கமும் ஆய்வேட்டில் இடம்பெறவில்லை. அதற்குப்பின் எந்த நூலைக் கையில் எடுத்தாலும் முதலில் தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், முதுகில் ஒட்டிய எண் ஆகிய மூன்றையும் எழுதிக்கொண்ட பிறகே உள்ளே புரட்டுகிறேன். இப்போது கைப்பேசியில் மூன்று படம் எடுத்தால் முடிந்தது. படமெடுக்க அனுமதி உண்டா என்று மட்டும் முன்னதாகக் கேட்டுவிடுங்கள்.

நூலகரிடம் உதவி கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. "மதிய உணவு பற்றிப் புத்தகம் இருக்கிறதா?" என்று கேட்டால் அவரும் அதே தேடுபெட்டியில் அதே சொல்லைத்தான் தட்டச்சு செய்வார். "1920 முதல் 1925 வரை சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் உணவு கொடுத்ததற்கான செலவுக் கணக்கு வேண்டும், இந்த ஆறு சொற்களில் தேடிவிட்டேன், இந்த இரண்டு நூல்கள் கிடைத்தன" என்று குறிப்பேட்டை விரித்துக் காட்டினால், மாநகராட்சியின் ஆண்டு நிருவாக அறிக்கைகள் எந்த அறையில் கட்டுக்கட்டாக இருக்கின்றன என்பது அவருக்கு நினைவுக்கு வரும். பட்டியலில் ஏறாத தொகுதிகள் எல்லாப் பழைய நூலகங்களிலும் உண்டு. அவை இருக்கும் இடம் அங்கே முப்பது ஆண்டு வேலை பார்த்தவருக்குத்தான் தெரியும்.

புதிய ஊருக்குப் பயணம் கிளம்புமுன் தொலைபேசியில் அழைத்து, வேலை நேரம், விடுமுறை நாள், நூல் எடுத்துத் தரும் நேரம், நகலெடுக்கும் விதி ஆகியவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். நெறியாளரின் கையொப்பமும் துறை முத்திரையும் கொண்ட அறிமுகக் கடிதம் இரண்டு படி, அடையாள அட்டையின் நகல், நிழற்படம், பென்சில் ஆகியவை பையில் இருக்கட்டும். மூடிய அடுக்கு முறையுள்ள நூலகங்களில் சீட்டுக் கொடுத்தபின் நூல் கைக்கு வர நேரமாகும் என்பதால், வேண்டிய நூல்களின் எண்களை முதல் நாளே பட்டியலிலிருந்து எழுதி எடுத்துச் சென்று, காலையில் கதவு திறந்தவுடன் சீட்டுகளைக் கொடுத்துவிடுங்கள்.